கனகா அவிழ்த்த வலை

விருத்தகிரிக்கு இரவெல்லாம் சூளையில் வேலை. விருத்தாசலம் ஜங்ஷனுக்கு அப்பால் இருந்த பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்குக் கரி தள்ளுகிறவன். உள்ளே கப்பும் சாசரும் ஊறுகாய் ஜாடியும் வெந்துகொண்டிருக்கும்போது தீ இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் அவ்வளவு சரக்கும் வீண். விடிந்து மாற்று ஆள் வந்ததும் கண் சிவந்து வீட்டுக்கு வருவான். கனகா வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். குளித்து, பழையதைச் சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானத்துக்கு மேல்தான் எழுந்திருப்பான்.

கல்யாணமாகி நல்லூரிலிருந்து வந்த புதிதில், பகலெல்லாம் தூங்குகிற புருஷனோடு என்ன குடித்தனம் நடத்துவது என்று அவளுக்கு அழுகை வந்ததுண்டு. பிறகு அந்தத் தூக்கத்தைக் காப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். அவன் வருவதற்குள் அம்மியில் அரைத்து முடித்துவிடுவாள். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டு வைப்பாள். மீன் விற்கிற கொளஞ்சியம்மாள் அந்த வீட்டைத் தாண்டுகிற வரைக்கும் கூவ மாட்டாள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை பிறந்ததும், பக்கத்தில் சும்மா கிடந்த பஞ்சாயத்து போர்டு மனையில் பூப்பந்து ஆடுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த மாணிக்கவேல்தான் அவர்களுக்குத் தலைவன். முறையாக அனுமதி வாங்கி, கருவேலமுள்ளை வெட்டி, தண்ணீர் தெளித்துத் தரையை இடித்துக் கெட்டிப்படுத்தி, கம்பம் நட்டு வலை கட்டினார்கள். விடிந்ததும் ஆட்டம் ஆரம்பித்தால் ஆபீஸுக்குப் போகிற நேரம் வரைக்கும் நடக்கும்.

அதைப் பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. கம்பளிப் பந்து பேட்டில் படுகிற சத்தம்தான். ஆனால் அது சீராக வராது. தொடர்ந்து நாலைந்து அடி விழும், நின்றுவிடும். ஓய்ந்தது என்று கண்ணை மூடும்போது மறுபடி ஒன்று. நடுவில் புள்ளிக் கணக்குச் சொல்லிக் கத்துவார்கள். படுத்திருக்கிறவன் சத்தத்தால் விழித்தது போக, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே விழித்திருந்தான். கனகா ஜன்னலில் கோணியைக் கட்டிப் பார்த்தாள். அவன் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். நாளைக்குப் பழகிவிடும் என்று அவன் தினமும் சொன்னான். முகம் மட்டும் நாளுக்கு நாள் கறுத்து ஒடுங்கியது.

மாசி மாதம் ஒருநாள் கரி தள்ளும்போது நின்றபடியே கண்ணசந்து சூளை வாயில் கையை ஊன்றிவிட்டான். முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கனகா அவனைப் படுக்க வைத்துவிட்டு நேராக மனைக்குப் போனாள். ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அவள் பாட்டுக்கு நடுவில் போய், ஒரு கம்பத்தில் முடிச்சை அவிழ்த்தாள். எதிர்க் கம்பத்துக்குப் போய் அங்கேயும் அவிழ்த்தாள். வலையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மாணிக்கவேல் ஓடி வந்து மறித்தான். இது பொது இடம், போர்டு கொடுத்தது என்றான்.

"இடம் பொதுதான் தம்பி. எங்க வூட்டுக்காரரு தூக்கமுமா பொது?" என்றாள் கனகா. "வந்து அவரு கையப் பாரு. அப்புறம் நீயே சொல்லு, இத எங்க கட்டறதுன்னு."

அவன் வந்தான். வாசற்படியில் நின்றபடியே உள்ளே பார்த்தான். வெள்ளைக் கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு விருத்தகிரி கூரையைப் பார்த்தபடி கிடந்தான். மாணிக்கவேலுக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் போர்டு மெம்பர் தர்மராஜைப் பார்த்து வேறு இடம் கேட்டான். துலுக்கத்தெருவின் பின்பக்கம் ஒரு மனை கிடைத்தது. வலையைக் கனகாவே மடித்துக் கொடுத்து அனுப்பினாள்.

விருத்தகிரியின் கை ஆறியது. அவன் திரும்பவும் அடித்துப் போட்டாற்போல் தூங்க ஆரம்பித்தான். கனகா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது உள்ளேயிருந்து வருகிற குறட்டையைக் கேட்டுத் தனக்குள்ளேயே சிரித்துக்கொள்வாள்.

அந்தச் சந்தோஷம் பங்குனி முடியும் வரைக்கும்தான். ஒருநாள் முற்பகலில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றாள். துலுக்கத்தெரு ஜைத்தூன் பீவி என்று சொன்னாள். வலையை அவிழ்த்தவள் நீதானே என்று கேட்டாள். கனகா பதறி உதட்டில் விரலை வைத்து, அவர் தூங்குகிறார் என்று ஜாடை காட்டினாள். ஜைத்தூன் பீவியும் தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்தினாள். சண்டை போட வந்தவள் சண்டை முழுவதையும் கிசுகிசுப்பிலேயே போட்டாள்.

அவள் வீட்டுக்காரர் நூர் முகம்மது பினாங்கில் கடை வைத்திருந்தார். வீட்டில் அவளும் மகள் சாதிகாவும் மட்டும். கொல்லைப்பக்கம்தான் அவர்களுக்கு வெயிலும் காற்றும். கிணறு, துணிக்கொடி, முருங்கைமரம், எல்லாம் அங்கே. இடுப்பளவு வேலிக்கு அந்தப் பக்கம் இப்போது தினமும் வாலிபர்கள் நிற்கிறார்கள். பந்து உள்ளே விழுந்தால் கேட்காமல் தாண்டிக் குதிக்கிறார்கள்.

"அவங்க கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன்மா," என்றாள் ஜைத்தூன் பீவி. "ஆனா எம் பொண்ணு வெளிய வர்றதே இல்ல. கொல்லையில நின்னு தல காய வைக்கக்கூட பயப்படுது. ஒன் வூட்டுக் கஷ்டத்தத் தூக்கி எங்க வூட்டுல வச்சிட்டியே."

வலையைக் கொடுத்தபோது அது எங்கே போகிறது என்று கனகா ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. ஜைத்தூன் பீவியை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். பிறகு, "தெரியாமப் போச்சுக்கா," என்றாள். ஜைத்தூன் பீவி மோரைக் குடித்துவிட்டு, உள்ளே தூங்குகிறவனின் கைத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எண்ணெய் தடவுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் விருத்தகிரி எழுந்ததும் கனகா நடந்ததைச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். கம்பெனிக்குப் பின்னால், சூளைப் புகைபோக்கியை ஒட்டி, உடைந்த சரக்கைக் கொட்டுகிற வெளி ஒன்று இருக்கிறது என்றான். சுற்றுவட்டாரத்தில் வீடே கிடையாது. அன்றைக்கு வேலைக்குப் போனதும் மேனேஜரைக் கேட்டான். நீங்களே சுத்தம் செய்துகொள்வதானால் ஆடிக்கொள்ளுங்கள், ஆள் கேட்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

மாணிக்கவேலிடம் இதை யார் சொல்வது? கனகாவே பார்சல் ஆபீஸுக்குக் கிளம்பினாள். தனியாகப் போகத் தயங்கி ஜைத்தூன் பீவியையும் கூட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும் சேர்ந்து வந்து நின்றதைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பீங்கான் குப்பையில் கால் வைத்தால் கிழியும், தரையைச் சீர் செய்யவே மாதக்கணக்கு ஆகும் என்றான். மூன்றாவது முறையும் எங்களைத் துரத்த மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டான்.

"நாங்களும் வந்து பொறுக்கறோம்," என்றாள் கனகா.

வார்த்தைக்குச் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் கூடையும் மண்வெட்டியுமாக அங்கே நின்றாள். சற்று நேரத்தில் ஜைத்தூன் பீவி மகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டக்காரர்கள் வெட்கப்பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். காது போன கப்புகள், வாய் நெளிந்த ஜாடிகள், தலையில்லாத பொம்மைகள் எல்லாவற்றையும் கூடை கூடையாக வாரி ஓரத்தில் கொட்டினார்கள். சாதிகா முழுசாக இருந்த ஒரு சின்னத் தட்டைக் கண்டெடுத்து அம்மாவிடம் காட்டினாள். கோடாக ஒரு விரிசல் மட்டும் இருந்தது. அதைக் கழுவி, கனகா கொண்டுவந்த சுண்டலை அதிலேயே வைத்துத் தின்றாள். அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் வேலை நடந்தது. செம்மண் அடித்து, இடித்து, வைகாசியில் ஆட்டம் ஆரம்பமாயிற்று.

கொஞ்ச நாள் கழித்து விருத்தகிரி வீட்டுக்கு வருகிற நேரம் தள்ளிப்போயிற்று. போட்டு வைத்த வெந்நீர் ஆறிப்போகும். மாற்று ஆள் வர நேரமாகிவிட்டது என்பான். ஒருநாள் சட்டை முதுகில் செம்மண் ஒட்டியிருந்தது. கரி ஒட்டியிருந்தால் கனகாவுக்குச் சந்தேகம் வந்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் அவள் கம்பெனிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். மாணிக்கவேல் பந்தைப் போட, எதிரே அவள் புருஷன் பேட்டை ஓங்கிக்கொண்டு நின்றான். வெந்த கை இன்னும் முழுசாக நீளவில்லை. பந்து அவன் தலைக்கு மேலே போயிற்று. திரும்பி ஓடினான், தவறவிட்டான், மண்ணில் விழுந்தான். எழுந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். இராத்திரி முழுக்கத் தீயின் முன்னால் நின்றுவிட்டு வந்தவன் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. பகலில் அவனைத் தூங்கித்தானே பார்த்திருக்கிறாள். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடாமல் திரும்பி நடந்தாள்.

அவன் வந்து குளித்துச் சாப்பிட்டான். அவள் வந்து பார்த்துவிட்டுப் போனதை அவனும் பார்த்திருக்க வேண்டும். அவள் பாயை விரித்தபோது அவனாகவே சொன்னான்.

"கனகா, நாளையிலேருந்து நேரா வூட்டுக்கு வந்துடறேன்."

"எதுக்கு?" என்றாள் அவள். "ஆடிட்டே வாங்க. வெந்நிய நான் கொஞ்சம் நேரங்கழிச்சுப் போடறேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு படுத்தான். அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வருவதற்குள் தூங்கிப்போயிருந்தான்.