கொள்ளிக்கு வந்த போட்டி

"ஏன் அண்ணாச்சி, இப்பவே என்னையப் பாடையில ஏத்தப் பாக்குதீங்க?"

உயில் எழுதி வையுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் ராமசுப்பு இப்படித்தான் சிரிப்பார். கோவில்பட்டியில் அவருக்கு மிளகாய் வத்தல் கடை. பக்கத்துக் கடை என்னுடையது. அவருக்குப் பிள்ளை கிடையாது. மனைவி வேலுத்தாயின் அக்கா மகன் சுடலைராஜைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர்கள்.

"எனக்குக் கொள்ளி வைக்கப்போறது அவன்தான். கொள்ளி வச்சவனுக்குத்தான சொத்து? ஊருக்கே தெரிஞ்சதை எழுத வேற செய்யணுமாக்கும்?" என்பார்.

ஊருக்குத் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் மனுசன் கடையில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். பாடை கட்டி முடிக்கவும், குளத்தூரிலிருந்து அவருடைய அண்ணன் மகன் லிங்கராஜ் ஒரு வேன் நிறைய ஆளோடு வந்து இறங்கினான். வருடக்கணக்கில் அந்த வாசலை மிதிக்காதவன். நேராகப் போய்க் கொள்ளிச்சட்டியின் கயிற்றைப் பிடித்தான்.

"பங்காளி நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். வேத்துப் பிள்ளை கொள்ளி வைப்பானா?"

சுடலைராஜும் கயிற்றை விடவில்லை. முப்பது வயது ஆம்பிளை தேம்பித் தேம்பி அழுதான். "எங்கப்பாவுக்கு நான்தான் வைக்கணும்."

"பின்னே, கடையை விட மனசு வருமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அழுதது அப்பனுக்காக. ராமசுப்பு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், அந்த அழுகை வெறும் அழுகையாகவே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வேலுத்தாய் மதினியே எழுந்து வந்தார்.

"விட்டுருய்யா. அவிய வெயில்ல கிடக்காவ."

சொல்லிக்கொண்டே சுடலைராஜின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். லிங்கராஜ் கொள்ளி வைத்தான்.

இத்தனைக்கும் கொள்ளிக்கும் சொத்துக்கும் சட்டத்தில் ஒரு சம்பந்தமும் இல்லையாம். இப்போதைக்கு எல்லாம் மதினிக்குத்தான். அவரும் எழுதாமல் கண்ணை மூடினால் லிங்கராஜுக்குப் போய்விடும் என்றார் வக்கீல்.

காரியம் முடிந்த கையோடு மதினி என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனார். கடை, வீடு எல்லாம் சுடலைராஜுக்கு என்று எழுதியாயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அவன் தோளைத் தொட்டார்.

"ஏலே, இனிமே எனக்குக் கொள்ளி வைக்க ஒருத்தனும் வேன் பிடிச்சு வரமாட்டான். நீயே வை."