இன்னும் கறுப்புதான்

லிஃப்ட்காரருக்கு மகன் கிடைப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு இருவரும் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவார்கள். அவன் வேறு ஊரில், இவர் இங்கே. லாரிகள் மட்டும் ஒரே சாலையில் முன்னும் பின்னுமாகப் போகும். "லெஃப்ட்ல எடுங்க", "பாத்து வாடா" என்று ஹெட்போனில் கொஞ்சம் பேச்சும் நடக்கும். வெறும் போனில் என்றால் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" தாண்டி இருவருக்கும் ஒரு சொல் எழும்பாது. வீட்டில் பேசும் பொறுப்பு மொத்தத்தையும் மனைவி வைத்திருந்தாள். அவள் போய் மூன்று வருடமாகிறது.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. விளையாட்டின் புதிய பதிப்பு இறங்கியதும், உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு பழசு, இதில் ஓடாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. இரண்டு ஞாயிறு அப்படியே போயின. நான்கு மணிக்கு ஹெட்போனைத் துடைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். யாரிடமாவது சொல்லலாம் என்றால் யாரும் இல்லை.

"நான் வரும்போது புதுசு மாட்டித் தரேன்" என்றான் மகன். அவன் வருவது எந்த யுகத்திலோ! முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதருக்கு ஒரு தகரப் பெட்டியைத் திறக்க ஆள் வேண்டுமா? கடைக்குப் போய்த் தானே கார்டை வாங்கி வந்தார்.

மூன்றாவது ஞாயிறு, நான்கு மணிக்குத் தயாராக இரு என்று மகனுக்குச் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து உட்கார்ந்தார். தொழில் பழக்கப்படி, கழற்றிய ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எண் எழுதினார். பழைய கார்டை இழுத்தால் ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. புதியது டக்கென்று உட்கார்ந்தது. எல்லா வயரும் எண்படி திரும்பிப் போயின. மானிட்டர் கேபிள் மட்டும் கடைக்காரர் கொடுத்த புதுசு. அதில் எண் ஏது? பெட்டியின் பின்பக்கம் தடவி, முதலில் கைக்குப் பட்ட ஓட்டையில் செருகினார்.

சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நானும் லாரிய எடுத்துட்டு உங்களுக்காகத்தான் நிக்கிறேன். பதறாதீங்கப்பா. முதல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு கார்டை கழட்டி மாட்டுங்க. டார்ச் இருக்கா?"

"வாயில இருக்கு."

மகன் சிரித்துவிட்டான். "அதான் பேச்சு கொழகொழன்னு வருது. அம்மா இருந்தா இந்நேரம் டார்ச்சைப் பிடுங்கிட்டு திட்டியிருப்பாங்க."

அவள் போனபிறகு இருவரும் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. லிஃப்ட்காரர் டார்ச்சைக் கீழே வைத்தார். "திட்டுறதுக்கென்ன. முதல்முதல்ல பாத்தப்பவே திட்டினவதானே."

"எப்பப்பா?"

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா. நான்தான் போய் திறந்தேன்."

"எனக்கு இது தெரியவே தெரியாதே!" என்றவன் தணிந்த குரலில் சொன்னான்: "இங்கயும் சாயங்காலம் ஆனா ஒரு மாதிரிதான் இருக்குப்பா."

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது: கீழே, புதிய கார்டிலேயே அதே மாதிரி இன்னொரு ஓட்டை. இதுவரை செருகியிருந்தது கார்டில் இல்லை, பெட்டியின் பழைய ஓட்டையில். கேபிளை மாற்றிச் செருகி சுவிட்சைப் போட்டார். திரை பளிச்சென்று எரிந்தது.

"வந்துருச்சா?"

வந்துவிட்டது என்றால் லாரி கிளம்பிவிடும். அப்புறம் லெஃப்ட், ரைட்தான்.

"இன்னும் கறுப்புதான்டா" என்றார் வாய் கூசாமல். சொன்னபிறகு காது சூடேறியது.

"ஓ. சரி, ஸ்க்ரூவ மறுபடி கழட்டுங்க."

கழற்றுகிற பாவனையில் ஸ்க்ரூ டிரைவரை மேசையில் உருட்டிக்கொண்டே திரையைப் பார்த்தவர் திடுக்கிட்டார். கம்ப்யூட்டர் எழுந்ததும் விளையாட்டு தானாகத் திறக்கும்படி மகன்தான் எப்போதோ செய்து வைத்திருந்தான். அது திறந்து, ஓரத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. மகன் பெயருக்குப் பக்கத்திலும் பச்சைப் புள்ளி. அவன் முன்னாலும் இதே பட்டியல்தான் இருக்கும்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. "தம்பி, அது வந்து..."

"அவசரமே இல்லப்பா" என்றான் மகன். "மெதுவா கழட்டுங்க. லிஃப்ட்ல மாட்டின அம்மா என்ன திட்டினாங்க? அதை முதல்ல சொல்லுங்க."

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோச்சுடா..."