கீழ்ப்பக்கம் பிடிக்கிறவர்

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவருக்குப் பெயர் லிஃப்ட். மின்தூக்கி இல்லாத கட்டடங்களிலிருந்து பத்தொன்பது வருடமாக நோயாளிகளைச் சுமந்து இறக்கியவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நாலாவது மாடி, ஐந்தாவது மாடி என்று அழைப்பு வந்தால், போனை வைத்த கையோடு "லிஃப்ட்டை அனுப்புப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவரும் தொப்பையைத் தட்டிக்கொண்டே கிளம்புவார். அந்தத் தொப்பைதான் வினையாக வந்தது.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தொண்ணூறு கிலோவுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் போன் எடுக்கும் மேஜைக்கு மாற்றல் என்று ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். லிஃப்ட்டுக்கு வயது நாற்பத்தெட்டு. எடை நூற்று நாலு. பரிசோதனைக்குப் பத்து வாரம் இருந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பதைவிட வேலையை விட்டுப் போய்விடலாம் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

நிலையத்துக்குப் பின்னால் எடைப்பயிற்சி அறை ஒன்று உண்டு. அங்கே இருந்த பயிற்சியாளர் அம்மாள் விஷயத்தைப் புட்டுப்புட்டு வைத்தார்.

"உங்களுக்குக் கொழுப்பு குறையணும், தசை குறையக்கூடாது. பட்டினி கிடந்தா ரெண்டும் சேர்ந்து போயிடும். இந்த வயசுல போன தசை சீக்கிரம் திரும்பாது. வாரத்துக்கு மூணு நாள் எடை தூக்குங்க. முட்டை, பருப்பு, மீன்னு வேளாவேளைக்கு சாப்பிடுங்க. வாரத்துக்கு அரை கிலோ இறங்கினா போதும்."

"அப்படிப் பார்த்தா பத்து வாரத்துல அஞ்சு கிலோதானே வரும்?"

"அவகாசம் கேளுங்க. நான் எழுதித் தரேன்."

அவகாசமா? லிஃப்ட் போய் அவகாசம் கேட்டான் என்று நாலு பேர் பேசுவதா? அது மட்டும் ஆகாது. தவிரவும், "நாள் பூரா ஆளைத் தூக்குறவனுக்கு இரும்பு எதுக்கும்மா?" என்பது அவருடைய வாதம். அவரைக் கேட்டால் அதற்கு மறுபேச்சே கிடையாது.

அன்றிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் கண்துடைப்புக்கு. இரண்டு வேளை நடை. எடைப்பயிற்சி அறைக்கு டிமிக்கி. ஆனால் அங்கே ஒரு நோட்டு இருந்தது. யார் எந்த நாளில் எத்தனை கிலோ தூக்கினார்கள் என்று அவரவரே எழுத வேண்டும். பயிற்சியாளர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். நோட்டில் எடை ஏறிக்கொண்டே போனது. உடம்பில் எடை இறங்கிக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் மட்டும் பாராட்டு கிடைக்கவில்லை. மனைவிக்குத் தையல் கடையில் வேலை. அவருடைய சீருடைச் சட்டையை மூன்றாவது முறையாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள்.

"இடுப்புல பிடிக்கச் சொன்னீங்க, சரி. தோள்லயும் ஒரு விரக்கடை பிடிக்க வேண்டியிருக்கு. உங்க தொப்பை தோள்லயா இருந்துச்சு?"

"தைக்கிற வேலையைப் பாரு" என்றார் அவர். பசியில் இருக்கிறவரிடம் வேறு என்ன பதில் வரும்?

பரிசோதனைக்கு ஆறு நாள் இருக்கும்போது, மதியம் அந்த அழைப்பு வந்தது. நாலாவது மாடி. அறுபது வயது ஆள், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. வண்டியை ஓட்டியவள் அவருடன் ஏழு வருடமாகப் போகிற டிரைவர், முப்பத்தெட்டு வயதுப் பெண். ஓட்டுவதும் அவள், சுமப்பதில் பாதியும் அவள்.

படிக்கட்டு குறுகல். ஸ்ட்ரெச்சர் திரும்பாது. வார் போட்டுக் கட்டும் நாற்காலியில்தான் இறக்க வேண்டும். மேலே சோபாவில் உட்கார்ந்திருந்தவரை லிஃப்ட் ஒரு பார்வையில் எடைபோட்டார். நூற்றிருபது கிலோவுக்குக் குறையாது. உதடு நீலம் பூத்திருந்தது. அவருடைய மகள் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள்.

"கூட ரெண்டு பேரை வரச் சொல்லலாமா அண்ணே?" என்று டிரைவர் தணிந்த குரலில் கேட்டாள். "அடுத்த வண்டி வர இருபது நிமிஷம் ஆகும்."

"இருபது நிமிஷம் தாங்குவாரா? நான் இருக்கேன்ல, தூக்கு."

"நோட்டுல தொண்ணூறு எழுதியிருந்தீங்க, பார்த்தேன். அந்தத் தைரியத்துலதான் வரேன்" என்று சொல்லி அவள் மேல்பக்கப் பிடிக்குப் போனாள். அவருக்கு முகம் சுண்டிப்போனது. நோட்டு பொய் என்று சொல்லாமல் குனிந்து கீழ்ப்பிடியைப் பற்றினார்.

படி இறங்கும்போது கீழ்ப்பக்கம் பிடிக்கிறவருக்குத்தான் பாரம் அதிகம். பின்பக்கமாக இறங்க வேண்டும், காலால் படியைத் துழாவ வேண்டும், நோயாளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. இருவரில் யார் "இறக்கு" என்றாலும் அடுத்த நொடி நாற்காலி படியில் உட்கார வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. டிரைவர் அதை நூறு முறை சொல்லியிருப்பாள். அவர் இதுவரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்.

நாலாவது மாடியிலிருந்து மூன்றாவதுக்கு வரும்போதே முன்கை எரிந்தது. முன்பெல்லாம் இந்த எரிச்சல் வந்தால் தோள் வாங்கிக்கொள்ளும். இப்போது தோளைத் தேடினார், அங்கே ஒன்றும் இல்லை. காலையில் குடித்த வெறும் தேநீர் தொண்டைக்கு வந்தது.

"மெதுவா அண்ணே."

"வரேன், வரேன்."

நோயாளி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். மூச்சுக்கு நடுவே, "தம்பி… உங்க கை… நடுங்குது" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். கண்ணை மூடிக்குங்க."

சாகக் கிடக்கிற மனுஷனுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாதா? தெரியும். மூன்றாவது மாடித் தளத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கியிருக்கலாம். மேலே மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏதோ ஒரு வீட்டுக் கதவு திறந்து நாலு கண்கள் எட்டிப் பார்க்கின்றன. இன்னும் மூன்று மாடிதான், அடுத்த திருப்பம்வரைதான் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு இறங்கினார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் வலது கை விரல்கள் அவரைக் கேட்காமலே விரிந்தன.

நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மகள் வீறிட்டாள். நோயாளியின் உடம்பு முழுவதும் வாரின் மேல் தொங்கியது. மேலே டிரைவர் நாற்காலிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே முழங்காலைச் செருகி, மொத்தப் பாரத்தையும் வலது மணிக்கட்டில் வாங்கினாள். ஏதோ மளுக்கென்றது. அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "பிடிங்க அண்ணே, பிடிங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் நெஞ்சை முட்டுக்கொடுத்து நாற்காலியைத் தாங்கினார். அந்த இரண்டு நொடியில் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இறக்கு" என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த வீட்டிலிருந்து இரண்டு ஆண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். மீதிப் படிகளை அவர்கள்தான் சுமந்தார்கள். அவர் பின்னால் நோயாளியோடு இருக்க, டிரைவர் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டினாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். அவளுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு.

விபத்து அறிக்கையில் அவள் என்ன எழுதினாள் தெரியுமா? "படியில் ஈரம். வழுக்கியது." அதைப் படித்த அன்று லிஃப்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை, இந்த முறை பரிசோதனைக்காக அல்ல. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போனார். இரண்டு முறையும் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டார்.

பரிசோதனை நாளும் வந்தது. தராசு எண்பத்தெட்டு காட்டியது. கண்காணிப்பாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். "பதினாறு கிலோ! உங்களைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்." சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பயிற்சியாளர் அம்மாள் மட்டும் தட்டவில்லை. அவர் லிஃப்ட்டின் மேல்கையைச் சுற்றி நாடா பிடித்துப் பார்த்தார், அளவைப் படித்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். நாடாவைச் சுருட்டினார். அந்தப் பார்வைக்கு லிஃப்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்தது ஜோடியா ஆளைச் சுமந்து படி இறக்குற சோதனை. அதுக்கு உங்க ஜோடிக்குக் கை சரியில்லை" என்றார் கண்காணிப்பாளர். "பரவாயில்லை. இவரோட படி இறங்க எனக்குச் சம்மதம்னு அவங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். ஏழு வருஷ ஜோடி, இதுக்கு மேல என்ன சோதனை?"

டிரைவர் மேஜை அருகே வந்தாள். வலது கை கட்டில் இருந்தது. இடது கையால் பேனாவை வாங்கி, குனிந்து, சின்னப் பிள்ளை எழுதுவதுபோல் முதல் எழுத்தை இழுத்தாள். கோணல்மாணலாக வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டாவது எழுத்துக்குப் போனாள். அவள் இஷ்டப்பட்டுப் போடவில்லை, இத்தனை வருடம் கூட வந்த மனுஷன் மேஜைக்குப் போகக் கூடாதே என்று போடுகிறாள். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

அவர் தாளைப் பிடித்து இழுத்தார். மை கோடாக நீண்டது.

"போடாதம்மா."

"அண்ணே, சும்மா இருங்க."

"சார், அந்தப் படியில ஈரம் கிடையாது. என் கைதான் விட்டுச்சு. கையில பலம் இல்லை. பத்து வாரமா பட்டினி கிடந்தேன். ஒரு நாள்கூட இரும்பைத் தொட்டதில்லை. நோட்டுல இருக்கிறது அத்தனையும் பொய்."

கண்காணிப்பாளர் கொடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டார். "ஆறு மாசம் போன் மேஜை. அப்புறம் தூக்கிக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றார். லிஃப்ட் தலையாட்டினார். விசித்திரம் என்னவென்றால், பத்து வாரமாகப் பயந்து நடுங்கிய அந்தத் தண்டனை, வந்தபோது அவ்வளவாக வலிக்கவில்லை.

வலி வெளியே வராந்தாவில் காத்திருந்தது. டிரைவர் அவரைப் பார்த்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் என்று அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது.

"இவ்வளவு பேர் முன்னால சொல்ல முடிஞ்சுதுல்ல அண்ணே? அன்னைக்கு மேல்பிடியில நான் ஒருத்திதானே இருந்தேன். என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?"

அவர் அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"நாளைக்கே ஆரம்பிக்கிறேன்மா. வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்கா எடை தூக்கி… ஆறு மாசம் கழிச்சு என்கூட வருவியா?"

"தெரியலை" என்றாள் அவள்.

கீழே வைத்திருந்த பையை எடுக்க அவள் இடது கையோடு தடுமாறினாள். அவர் குனிந்து தூக்கித் தரக் கை நீட்டினார். அவள் அந்தக் கையையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையைத் தானே இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தாள்.