தம்பியின் லேப்டாப்புக்குத் தெரிந்த வீடு

அந்தக் கடற்கரை ஊரில் அலையில் சறுக்க வருகிறவர்களுக்குத்தான் எல்லா வசதியும். உட்கார்ந்து வேலை பார்க்க வந்தவளுக்கு ஒரு நல்ல நாற்காலிகூட அகப்படவில்லை. விடுதி அறையில் நெட் நிமிஷத்துக்கொரு தரம் செத்துப் பிழைத்தது. மேசை என்று அவர்கள் காட்டியது, பூச்சாடி வைக்கிற முக்காலி.

அவள் பார்ப்பது சப்டைட்டில் வேலை. காது கேளாத பிள்ளைகள் பார்க்கும் பாடப் படங்களில், பேச்சையும் சத்தத்தையும் எழுத்தாக்கிக் கீழே ஓடவிட வேண்டும். 'கதவு கிறீச்சிடுகிறது', 'தூரத்தில் இடி' என்று ஒன்று விடாமல். அதற்கு அமைதியும் வேண்டும், ஒழுங்கான நெட்டும் வேண்டும். இரண்டும் இருந்த வீட்டை விட்டுவிட்டு, இரண்டும் இல்லாத ஊருக்கு ஒரு மாதம் தங்க வந்திருந்தாள்.

"ஒரு மாறுதலுக்குப் போயிட்டு வரேம்மா" என்றுதான் சொன்னாள். எந்த ஊர் என்று தெரிந்ததும் அம்மா வேறெதையும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தம்பியின் லேப்டாப்பை எடுத்துவந்து இவள் பையில் வைத்தாள்.

"உன்னோடது ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டேங்குதே. இதைக் கொண்டுபோ. ஆனா உள்ள இருக்கறது எதையும் அழிச்சிடாத."

தம்பி எட்டு மாதத்துக்கு முன் அந்த ஊர்க் கடலில் போய்விட்டான். அவனும் இவளைப் போலத்தான், எங்கே உட்கார்ந்தாலும் பார்க்கக்கூடிய வேலை. "மாடி ரூம் ஒண்ணு கெடைச்சிருக்குக்கா, ஒரு தரம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இந்த வேலை முடியட்டும், அடுத்த வேலை முடியட்டும் என்று இவளும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். எந்தத் தெரு, யார் வீட்டு மாடி என்று கேட்கக்கூட இல்லை. போலீஸ் கொடுத்த காகிதத்தில் நாலு வரிதான் இருந்தது. அதிகாலையில் தனியாகக் கடலில் இறங்கியிருக்கிறார், பார்த்தவர் யாருமில்லை, லேப்டாப் இருந்த பை கடலோரக் கொட்டகையில் கிடந்தது, மூன்றாம் நாள் உடல் கிடைத்தது.

அவன் லேப்டாப்பில் வேலை பார்ப்பது வெறும் வேலையாக இருக்கவில்லை. மீட்டிங்கில் இவள் முகத்துக்குக் கீழே அவன் பெயர் வந்து நிற்கும். பார்க்கிறவர்கள் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். தினமும் நாலு மணிக்குத் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப்பார்க்கும். அதில் 'கடல்' என்று ஒரே ஒரு சொல். எப்போதோ அவன் தனக்குத்தானே போட்டுவைத்த நினைவூட்டல். நிறுத்துவது ஒரு விரல் வேலைதான். அவள் விரல் அங்கே போகவில்லை.

இரண்டாம் நாள் வளைவில் இருந்த காபிக் கடைக்குப் போனாள். பாஸ்வேர்டு கேட்கலாம் என்று கல்லாவைத் திரும்பிப் பார்ப்பதற்குள் லேப்டாப் தானாகவே இணைந்துகொண்டது.  பிறகுதான் உறைத்தது: அவன் இங்கே வந்து ஏற்கெனவே பாஸ்வேர்டு போட்டிருக்கிறான்.

காபிக்கடைக்காரம்மா லேப்டாப்பின் ஸ்டிக்கர் ஒட்டிய மூடியைப் பார்த்ததும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஹெட்செட்டோட லேப்டாப்பாச்சே இது! நீங்க யாரும்மா?"

"அக்கா."

"எந்நேரமும் காதுல அதை மாட்டிக்கிட்டே இருப்பான். அதான் நாங்க வச்ச பேரு. அந்த மூலைலதான் உட்காருவான். எங்க தங்கியிருந்தான்னு கேட்டா எனக்குத் தெரியாதும்மா. வாயத் தொறந்தாத்தானே! கடல் விஷயம்னா நீங்க பலகை மாஸ்டரைக் கேளுங்க. சர்ஃபிங் சொல்லிக்குடுக்கறது, கொடி ஏத்தறது எல்லாம் அவர்தான்."

அன்றிலிருந்து அவளுக்கு இடம் தேடுவதே ஒரு வெறியானது. நூலகத்துக்குள் நுழைந்தாள், இணைந்தது. துணி துவைக்கும் இயந்திரங்கள் வைத்திருந்த கடைக்குள் நுழைந்தாள், இணைந்தது. இந்தச் சத்தத்தில் என்னத்தை வேலை பார்த்தானோ என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. படகுத்துறைக் காத்திருப்பு அறையில் இணையவில்லை. உடனே எழுந்து வந்துவிட்டாள். அவன் உட்காராத இடத்தில் அவளுக்கு என்ன வேலை?

பலகை மாஸ்டரைக் கடலோரக் கொட்டகையில் பார்த்தாள். ஐம்பதை ஒட்டிய மனிதர், வெயிலில் காய்ந்து கருத்த உடம்பு. ஒரு பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் அவர் கை நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தேய்த்தது.

"எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லம்மா. வந்து போற ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர்."

பேசி முடிக்கும்வரை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கொட்டகைக்கு வெளியே கம்பத்தில், கடலில் இறங்காதே என்று சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. அன்று கடல் தட்டில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

ஒன்பதாம் நாள் ஐந்து மணிக்குள் ஒரு படத்தை முடித்து அனுப்பியாக வேண்டும். மூன்று மணிக்குக் காபிக் கடையில் கரண்ட் போனது. நூலகத்துக்கு வார விடுமுறை. துணி துவைக்கும் கடையில் உட்கார இடமில்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே இரு கையிலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். மேட்டுத் தெருவின் கடைசியில் கால் ஓய்ந்துபோய் ஒரு மதில்சுவரில் சாய்ந்தாள்.

லேப்டாப் இணைந்துகொண்டது. காபிக் கடையில்கூட இப்படி இருந்ததில்லை. சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன.

அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே ஓட்டு வீடு, பக்கவாட்டில் படிக்கட்டு, மேலே ஒற்றை அறை. அறையின் ஜன்னல் சாத்தியிருந்தது. வாசலில் இரண்டு பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் பலகை மாஸ்டர்.

அவள் லேப்டாப்பை அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்த லேப்டாப் உங்க வீட்டைத் தெரிஞ்சு வச்சிருக்கு" என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வந்து போற ஆளுன்னீங்களே?"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். 

"அஞ்சு மாசம் மாடிலதான் இருந்தான். எங்கூடத்தான் சாப்பாடு. அன்னிக்கு முந்தின நாளே எச்சரிக்கை வந்துடுச்சும்மா, நீரோட்டம் உள்ள இழுக்கும்னு. விடியறதுக்குள்ள செவப்புக் கொடி ஏத்தணும். நான் எந்திரிக்கல. தூங்கிட்டேன். அவன் வந்து கதவைத் தட்டினான். 'மாஸ்டர், கொடி ஒண்ணும் ஏறலையே, எறங்கலாமா?'ன்னு கேட்டான். நான் பாதித் தூக்கத்துல..." அவர் முகத்தை ஒரு கையால் அழுத்தித் துடைத்தார். "'போ, ஒண்ணும் ஆகாது'ன்னுட்டேன்."

அவள் லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"போலீஸ் வந்தப்ப வாய் வரல. அவன் எங்க வீட்ல இருந்தது தெரியக் கூடாதுன்னு பையைக் கொட்டகைல கொண்டுபோய் வச்சுட்டேன். நான் பாக்கவே இல்லன்னுட்டேன். அன்னிலேர்ந்து தெனமும் செவப்புக் கொடிதான் ஏத்தறேன். எந்தக் கொடியைத் தொட்டாலும் கை செவப்புக்குத்தான் போகுது."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. உரக்கக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அஞ்சு மணிக்குள்ள ஒரு வேலையை அனுப்பணும். சாவி குடுங்க."

அறையைத் திறந்ததும் அடைபட்ட காற்று முகத்தில் அடித்தது. ஜன்னலைத் தள்ளினாள். முழுக் கடலும் உள்ளே வந்தது. ஜன்னலடியில் அகலமான மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, இடது பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம், பேரமைதி. ஒன்பது நாளாக ஊரெல்லாம் தேடிய இடம் இதுதான். வந்து பாரேன் என்று அவன் கூப்பிட்டது இதைப் பார்க்கத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் மறைத்தபோதெல்லாம் துடைத்துக்கொண்டு, 'பறவைகள் கலைந்து பறக்கின்றன', 'மழை வலுக்கிறது' என்று தட்டினாள். நாலு மணிக்குக் கட்டம் எட்டிப்பார்த்தது. 'கடல்.' அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பின்னால் யாரோ நின்று, தோளுக்கு மேலாகத் தானும் பார்ப்பது போலிருந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடும் என்று பயமாக இருந்தது.

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் வேலையை அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினாள். மாஸ்டர் அதே படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நாற்காலியை இழுத்தீங்களாம்மா?"

"ஆமா. ஏன்?"

"எட்டு மாசமாக் கேக்குது அந்தச் சத்தம். பூட்டின அறைக்குள்ள. நானும் சாவியை எடுத்துக்கிட்டுப் பாதிப் படி வரைக்கும் போவேன், திரும்பிடுவேன்." அவர் மேலே பார்த்தார். "இன்னிக்குத்தான் நெசமாவே ஒரு ஆள் இருந்து கேட்டிருக்கு."

 தன் முதுகுக்குப் பின்னால் நின்றதைப் பற்றி அவள் சொல்லவில்லை. அம்மாவின் நம்பரைப் போட்டு, போனை அவரிடம் நீட்டினாள்.

"எங்கிட்ட சொன்னதை எங்கம்மாகிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தை குறையாம."

அவர் சொன்னார். இரண்டு இடத்தில் நின்றுபோனார். அவள் கண்ணால் அதட்ட, மறுபடி தொடர்ந்தார்.  அந்தப் பக்கமிருந்து அவள் அழுகையை எதிர்பார்த்தாள். சாபத்தையும் எதிர்பார்த்தாள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் மெல்ல வந்தது.

"அன்னிக்குத் தண்ணி ரொம்பக் குளிரா இருந்துச்சா?"

மாஸ்டர் கடல் பக்கம் பார்த்தார். "இல்லம்மா. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

உண்மையா, பொய்யா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா அடுத்ததைக் கேட்டாள். கதவைத் தட்டினப்ப அவன் குரல் எப்படி இருந்தது, சந்தோஷமாவா? என்ன சட்டை போட்டிருந்தான்? ராத்திரி நல்லாத் தூங்கினானா? ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இத்தனை மாதமாக அம்மாவுக்கு இவற்றைக் கேட்க ஓர் ஆள் இருந்ததில்லை.

போன் திரும்பி வந்தபோது கையில் சுட்டது.

"நான் உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் அவள். "நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாத்தையும் மாத்தி எழுதிக் குடுக்கணும். நானும் வருவேன்."

"எத்தனை மணிக்கும்மா?"

"ஒம்பது."

மறுநாள் எட்டரைக்கே அவர் விடுதி வாசலில் வந்து நின்றார். முகம் மழித்திருந்தார். வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமலிருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். இருவரும் ஒரு கை தூரம் விட்டு ஸ்டேஷன் இருந்த பக்கம் நடந்தார்கள்.