மிளாக்களுக்கு வைத்த உப்பு

கொடைக்கானல் மலையில் போளூர்க் காட்டுக்கு வனக்காவலராக இருந்த நல்லசாமி, நன்மை கருதியே மிளா மான்களை ஓரிடத்தில் கூடச் செய்தார். பிற்பாடு அதை நினைத்து அவரால் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக உண்ண முடியாமற் போயிற்று.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மழை ஓய்ந்த பருவத்தில், மிளாக்கள் சோலைக்காட்டை விட்டிறங்கி உருளைக்கிழங்குச் செடிகளை மொட்டையடித்தன. கீழ்நாட்டுத் துப்பாக்கிக்காரர்களை வரவழைக்கலாம் என்று ஊரார் பேசத் தொடங்கினர். தனியாக வெள்ளாமை செய்துவந்த சோலையம்மாள் நல்லசாமியை வரப்பிலேயே மறித்தாள்.

“மானுக்கு நீங்க காவலு. எங்க கெழங்குக்கு யாருங்க காவலு?”

நல்லசாமி தவணை கேட்டார். வயல்களுக்கு எதிர்த்திசையில், சோலைக்கு அப்பாலிருந்த மேட்டில் கல்லுப்பைக் கொட்டிவைத்தார். மிளாக்கள் மாலைதோறும் அங்கே கூடி, உப்புக் கரைந்த மண்ணையும் நக்கின. அவர் அருகில் நின்றால் அவற்றின் காது மட்டும் அசையும், கால் அசையாது. வயல்கள் தழைத்தன. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கொடைக்கானல் பஜாரில் தஸ்தகீர் கடையில்தான் உப்பு வாங்குவார். ஒருநாள் தஸ்தகீர் கேலியாகக் கேட்டார்:

“மாசாமாசம் மூடை உப்பாங்க? மலைமேல கடல் ஏதும் வந்திருச்சா, கருவாடு போட?”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லசாமியும் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால், தம்மை ஒருவர் விசாரிப்பதே அபூர்வமாகிவிட்ட அம்மனிதர், எந்த மேடு, எந்த வேளை என்று விரித்துரைத்தார். வெளியூர்க்காரர் இருவர் தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுடைய அக்கறையில் மகிழ்ந்து, வியாழன்தோறும் தாம் தொலைவிலுள்ள கிளாவரைப் பக்கம் ரோந்து போவதையும் சொல்லிவைத்தார்.

அடுத்த வெள்ளியன்று காலை மேட்டுக்குப் போனபோது, தலைகளும் குடலுமே கிடந்தன. ஒரு பெட்டையின் நாக்கில் மண் ஒட்டியிருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், வேட்டைக்காரர்கள் தடம் பார்த்து வந்திருப்பார்கள் என்றார். அதிகாரியும் நம்பி, உங்கள்மேல் குற்றமில்லை என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த ஆறுதல்தான் நல்லசாமியை வாட்டியெடுத்தது. மறுநாள் அதிகாரியைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னார். பிறகு சோலையம்மாளின் வயலுக்கு வந்தார்.

“உப்பை எடுத்துடப் போறேம்மா. இனி இதுக உங்க வயலுக்குத்தான் வரும். செத்ததெல்லாம் என் வாயாலதான் செத்துச்சு.”

அவள் களைக்கொத்தை வரப்பில் சாய்த்துவைத்தாள்.

“வந்தா தகரம் தட்டி வெரட்டிக்கிடுறேன். துப்பாக்கிக்கு ஆளு சொல்ல மாட்டேங்க. நீங்க போய் உங்க சோலியைப் பாருங்க.”

அன்று மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனார். வெட்ட வெட்ட மண் கரித்தது. உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருந்ததென்று தெரியவில்லை. மாலையில், எஞ்சியிருந்த மிளாக்கள் வந்தன. இனி மனிதரைக் கண்டால் ஓடிப்போகட்டும் என்று அதட்டினார். அவருடைய குரல் பழகிய குரல்; அவை விலகவில்லை. கல்லை எடுத்து வீசினார். முன்னால் நின்ற பெட்டையின் விலாவில் அது பட்டது. அது ஓடாமல், புரியாததுபோல் அவரையே நோக்கியது.

நல்லசாமி குனிந்து, அதைவிடப் பெரிய கல்லாகத் தேடினார்.