படியில் இருந்த பழைய பனிக்கட்டி

நீதிமன்றங்களுக்கு வானிலைச் சாட்சி சொல்வது என் பிழைப்பு. யாராவது வழுக்கி விழுந்தால், அந்த நேரத்தில் அங்கே வானம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அமெரிக்காவின் பஃபலோ நகர வக்கீல்கள் என்னைத்தான் கேட்பார்கள். இருபத்தாறு வருடங்களில் தோற்கத் துடித்த ஒரே கட்சிக்காரி ஹாலினாதான்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, பக்கத்து வீட்டு லூசில் வழக்கம்போல் காபிக்கு வந்தவள், ஹாலினாவின் வாசல்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வழக்குப் போட்டாள். போடச் சொன்னதே ஹாலினாதான். எங்கள் ஊரில் இது பகையில்லை. பணம் தரப்போவது ஹாலினாவின் வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி. அந்தப் பணம் வந்தால் வீட்டில் சாய்தளம் கட்டி, ஆள் வைத்துக்கொண்டு லூசில் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் எங்கோ தூரத்து அரிசோனாவில் மகன் வீடுதான்.

என்னை அமர்த்தியது அதே இன்ஷூரன்ஸ் கம்பெனி. மே மாதம் படியைப் பார்க்கப் போனேன். சமையலறையில் இருவரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வக்கீல் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, பனி ராத்திரியே நின்னுடுச்சுன்னு எழுதிடு" என்றாள் ஹாலினா. "விமான நிலையத்து வானிலைப் பதிவுல நின்னுடுச்சுன்னு இருக்காமே?"

"அங்க நின்னுச்சும்மா. ஏரியிலேர்ந்து வர்ற மேகம் உங்க தெரு மேல காலையில ஒன்பது மணி வரைக்கும் கொட்டிருக்கு."

அவள் முகம் வாடியது. பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்பது எங்கள் மாநிலச் சட்டம்.

"அரிசோனால காபி நல்லாருக்குமாடி?" என்றாள் லூசில், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாயை மூடிட்டு ஆடு."

வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரத்துப் படம் ஏதாவது இருக்கிறதா என்றேன். இல்லாமல் இருக்குமா? வெயில் தேடி ஃப்ளோரிடாவுக்கு ஓடிப்போன தம்பியைச் சீண்டுவதற்காக, பனியில் ஒரு பீர் டப்பாவை வைத்துப் படமெடுத்து அனுப்புவது ஹாலினாவின் வழக்கம். இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு அப்படி ஒரு தம்பி உண்டு.

திங்கட்கிழமை மாலை எடுத்த படத்தில் என் கண் நின்றது. லூசில் விழுவதற்கு முந்தின நாள்; புதுப்பனி அன்று இரவுதான் தொடங்கியது. கூரை ஓரத்தில் கை நீளத்துக்குப் பனிக்கட்டி தொங்கியது. அளவு தெரிய, நேர் கீழே வாசல்படியில் டப்பா. அதைச் சுற்றிப் படி கண்ணாடியாகப் பளபளத்தது.

என் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஞாயிறு வெயிலில் கூரைப் பனி உருகியிருக்கிறது. திங்கள் காலையிலிருந்து கடுங்குளிர். சொட்டிய தண்ணீர் படியிலேயே உறைந்துவிட்டது.

"இவங்க விழுந்தது புதுப்பனியால இல்லம்மா" என்றேன். "அடியில பழைய கட்டி இருந்திருக்கு. ஒரு நாள் முழுக்க இருந்திருக்கு. அதை எடுக்காம விட்டா சட்டப்படி வீட்டுக்காரர் தப்புதான். இப்படித்தான் எழுதப்போறேன்."

"அப்போ ஜெயிச்சுட்டோம்!" என்று மேசையைத் தட்டினாள் ஹாலினா. தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"நான் அந்தப் படியில நின்னு படம் எடுத்தேன்" என்றாள் மெதுவாக. "கட்டியைக் கரைக்கிற உப்பு மூட்டை கதவுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. அப்போ நெஜமாவே நான்தான் உன்னை விழ வெச்சேனா?"

இத்தனை மாதம் பொய்யாகவாவது ஏற்கத் துடித்த தப்பு. உண்மையாக வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

லூசில் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். "நாப்பது வருஷமா அந்தப் படியில வழுக்கிட்டுதாண்டி வர்றேன். ஒரு தடவை விழுந்துட்டேன், அவ்வளவுதான். காபியை ஊத்து."

ஹாலினா காபி ஊற்றவில்லை. நான் கிளம்ப எழுந்ததும் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய், கதவுக்குப் பின்னாலிருந்து மூட்டையை இழுத்து, காய்ந்து கிடந்த படியில் கை கையாக உப்பை அள்ளி இறைத்தாள்.

"மே மாசம்டி!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் லூசில்.

"தெரியும்" என்றாள் ஹாலினா. கடைசிப் படி வரைக்கும் இறைத்துவிட்டுத்தான் எனக்கு வழிவிட்டாள்.