நெற்றிக்காசின் வருஷம்

என் மாப்பிள்ளை செல்லக்கண்ணுவின் நெற்றியில் எட்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளியை என் கையாலேயே ஒட்டினேன். ஒட்டியபோது எனக்கு அது தெரியாது.

செல்லக்கண்ணு என் தங்கை பஞ்சவர்ணத்தின் கணவர். திடீரென்று மாரடைப்பு, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குழாயும் கையுமாகக் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பிடோக்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு மண்டாய் சுடுகாட்டுக்குக் கிளம்ப வேண்டும். காலையிலேயே தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நெத்தியில வைக்க ராஜா தலை ரூபா ஒண்ணு கொண்டு வந்துரு. உங்கிட்டதான் டப்பா டப்பாவா இருக்கே."

இருக்கத்தான் செய்கிறது. பஸ் ஓட்டிச் சம்பாதித்ததில் பாதியைப் பழைய நாணயத்தில் போட்டவன் நான். செல்லக்கண்ணு இதற்காகவே என்னைச் சீண்டுவார். "பழசுக்குத்தான் விலைன்னா என்னையும் வித்துரு லா, மச்சான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழசு வேறு, அரிது வேறு! பிரிட்டிஷ்கால இந்தியாவின் 1945ஆம் வருஷத்து ராஜா தலை ரூபாயைச் சில்லறை விலைக்கு வாங்கிவிடலாம். 1939 லேசில் கிடைக்காது. கிடைத்தாலும், 1938இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய கள்ளக்காசாக இருக்கும். ராஜா அதே ராஜாதான், கடைசி எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தப் பாடத்தை நான் எடுக்காத தீபாவளி விருந்து கிடையாது. கேட்கிறவர்கள் இருக்கிறார்களா என்று நான் பார்ப்பதே இல்லை.

பதினோரு வருஷம் தேடி வாங்கிய நல்ல 1939 ஒன்று என்னிடம் இருந்தது. ஜாலான் புசார் வட்டாரத்து நாணய வியாபாரி ஒருவர் அதை எட்டாயிரத்துக்குக் கேட்டு, அன்று மாலை வரச் சொல்லியிருந்தார். மண்டாயிலிருந்து நேரே போய்விடலாம் என்று அதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாவுக்குப் போனவன் தலைகூட முழுகாமல் வியாபாரத்துக்குப் போகத் திட்டம் போட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. நெற்றிக்கு எடுத்தது 1945. இரண்டுக்கும் ஒரே மாதிரி காகித உறை, மேலே பென்சிலில் வருஷம்.

சடங்கு செய்பவர் கூப்பிட்டார். உறையைக் கிழித்து, சந்தனம் தொட்டு ஒட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் எழுத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த உறையை எடுத்துப் பார்த்தேன். 1945.

அப்படியானால் நெற்றியில் இருப்பது 1939! மணி இரண்டே முக்கால். இன்னும் கொஞ்ச நேரத்தில் என் 1939 தீக்குள் போய்விடும். பிணத்தின் நெற்றிக்காசைக்கூட விடமாட்டான் என்று பேராசைக்காரனைத் திட்டுவோமே, அந்த ஆளாக ஆவதற்கு எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 1945ஐ உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, மாலையைச் சரி செய்கிற சாக்கில் பெட்டியின் மேல் குனிந்தேன்.

நெற்றியில் மஞ்சளாக ஒரு சிங்கப்பூர் டாலர் நாணயம் இருந்தது.

எவனோ திருடிவிட்டான்! பெட்டி தூக்க வந்திருந்த நான்கு பேரையும் பார்த்தேன். பாவம், ஒருவர் எனக்குத் தண்ணீர் போத்தலை நீட்டினார். அவருடைய சட்டையைப் பிடிக்கவே கை எழும்பிவிட்டது.

"அண்ணே, இங்க வா."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தாள். சந்தனம் காய்ந்த என் 1939.

"நீ மாத்தி வச்சிட்ட. நான்தான் எடுத்தேன்."

போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல வேளைம்மா! உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பது வருஷமா என் காதுல ஓதுறியே, தெரியாமப் போகுமா?" அவள் குரல் தணிந்திருந்தது. "கடைசியா ஒரு தடவை அவரு முகத்தைப் பாத்துக்கலாம்னு குனிஞ்சேன். கண்ணு நேரா வருஷத்துக்குப் போச்சுண்ணே. எட்டா, ஒம்பதான்னு என் புருஷன் நெத்தியத் தேய்ச்சுப் பாக்கறேன். பாத்து, எடுத்து, என் பர்ஸ்ல இருந்து ஒரு வெள்ளியத் தேடி ஒட்டிட்டு உக்காந்த பிறகுதான் நான் என்ன செஞ்சேன்னே எனக்கு உறைச்சுது."

அவள் காசை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கினாள்.

"குழாய் போட ஆஸ்பத்திரில அவரு மீசைய எடுத்துட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே வச்சிருந்த மீசை. அது இல்லாம வேற ஆள் மாதிரி இருக்காரு, இல்லண்ணே?"

இரண்டு முறை அந்த முகத்தின் மேல் ஒரு சாண் தூரத்தில் குனிந்திருக்கிறேன். மீசை இருந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டார்கள்.